நாலரை வினாடி உழைக்கும் குழல்
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

நெடுந்தூரம் சுடும் ரைஃபிளின் குழல் தன் ஆயுளில் மொத்தம் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது தெரியுமா, நண்பர்களே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குண்டு குழலுக்குள் ஓடும் நேரம் சுமார் 1.5 மில்லி வினாடி. 3,000 குண்டு சுட்டால் 4.5 வினாடி. அவ்வளவுதான்! போட்டிகளில் சுடுகிறவர்கள் அதற்குள் அந்தக் குழலைக் கழற்றிவிட்டு வேறு குழல் மாட்டிவிடுகிறார்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் டூல் பிட் தேய்வது போலத்தான், ரைஃபிளில் குழலும் தேய்கிற சாமான்.

அப்படி மாற்றும்போது எந்தக் குழலைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. துப்பாக்கி என்றதும் சண்டை, கொள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது குறிப்பலகையில் சுடும் விளையாட்டு. அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் மைதானத்தில் 1874-ல் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. 934-க்கு 931 என்று மூன்றே புள்ளியில் அமெரிக்கா ஜெயித்தது. 1876-ல் அதே மைதானத்தில் பால்மா போட்டி தொடங்கியது. அதில் இன்றும் 800, 900, 1,000 கஜ தூரங்களில் சுடுகிறார்கள். இங்கிலாந்தில் 1890 முதல் பிஸ்லி மைதானம் இந்த விளையாட்டுக்குப் பேர் போனது.

1,000 கஜம் என்றால் 914 மீட்டர். எஃப் கிளாஸ் என்ற போட்டியில் அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம். ஒரு டிகிரியை 60 பங்காக்கி அதில் ஒரு பங்கு தப்பினாலே, அங்கே 10 அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். நான் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளில் 25 மீட்டரில் சுட்டதோடு சரி. மற்றதெல்லாம் நூலகத்தில் படித்து, நம் மெட்ராலஜி, மெட்டீரியல் சயின்ஸ் பாடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது.

குழல் ஏன் தேய்கிறது?

குண்டு உரசுவதால்தான் தேய்கிறது என்று நினைப்போம். பெரும் சேதம் செய்வது உரசல் அல்ல, நெருப்பு. லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு. .308 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பவுண்டு. எஃகு ஏறக்குறைய 1,500 டிகிரியில் உருகும். தோட்டா மருந்து எரியும் வாயுவின் வெப்பமோ 2,000 டிகிரிக்கும் மேல். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே அது படுவதால்தான் குழல் பிழைக்கிறது. ஆனாலும் தோட்டா அறையை அடுத்து குண்டு நுழையும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தொண்டை என்று பெயர். அந்த இடம் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, காய்ந்த ஏரி போல வெடிப்பு விடுகிறது. குழலின் ஆயுள் முடிவது பெரும்பாலும் தொண்டையில்தான்.

.308-ல் சுமார் 5,000 குண்டு வரை போட்டித் துல்லியம் கிடைக்கும் என்பது சுடுகிறவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 6.5 கிரீட்மூரில் 2,000 முதல் 3,000. .243-ல் 1,500 அளவுதான். ஏன் இந்த வித்தியாசம்? .243 என்பது .308-ன் தோட்டாக் கூட்டையே கழுத்தில் ஒடுக்கிச் செய்தது. அடுப்பு அதே அளவு, புகைபோக்கி மட்டும் சின்னது! அவ்வளவு நெருப்பும் குறுகிய துளை வழியாகப் போக வேண்டியிருக்கிறது. எனவே புதிய குழல் வாங்குகிறவர் எடுக்கும் முதல் முடிவே, எத்தனை குண்டுக்கு ஒருமுறை காசு செலவழிக்க முடியும் என்பதுதான்.

பழசு மாதிரியே போட்டால் என்ன?

என் அப்பா லேத் பட்டறையில் 22 வருடமாக வேலை செய்கிறார். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், டிராயிங் பார்க்கத் தெரியாது. "சாம்பிள் இருந்தா குடுங்க, இம்மி பிசகாம போட்டுத் தர்றேன்" என்பார். அப்படியே போட்டும் தருவார். பம்பு செட் ஷாஃப்ட், புஷ், புல்லி எதுவானாலும் பழசை அளந்து புதுசு செய்வதுதான் எங்கள் பக்கத்துப் பட்டறைகளின் முறை. எங்கள் வீட்டில் மூன்று வேளை சோறு வந்ததும் அந்த முறையால்தான்.

ஆனால் ரைஃபிள் குழலுக்கு அது போதாது. பழைய குழல், பழைய குண்டுக்காகச் செய்தது. குண்டு மாறினால் குழலும் மாற வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

ரைஃபிள் குழலின் உள்ளே சுருளாகக் காடிகள் வெட்டியிருக்கும். நம் பாஷையில் சொன்னால் அது ஒரு மல்டி ஸ்டார்ட் உள் மரை. ஆனால் லீட் மிக மிக நீளம். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இருக்கும். இதைத்தான் ட்விஸ்ட் என்கிறார்கள். குண்டு இந்த மரையில் திருகிக்கொண்டு வெளியே வருவதால் பம்பரம் போலச் சுழல்கிறது. சுழலும் பம்பரம் விழாது, வேகம் குறைந்தால் தள்ளாடும். குண்டுக்கும் அதே விதிதான். நீளமான குண்டு, உயரமான பம்பரம் மாதிரி. அதை நிறுத்தி வைக்க இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்.

8 அங்குல ட்விஸ்ட் உள்ள குழலில் குண்டு வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் வெளியே வந்தால், அது வினாடிக்கு 4,050 சுற்றுச் சுற்றும். நிமிடத்துக்கு 2,43,000! நம் லேத்தின் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றினாலே பக்கத்தில் நிற்கப் பயப்படுகிறோம்.

விட்வொர்த்தை மறக்கலாமா?

பி.எஸ்.டபிள்யூ. மரை, 55 டிகிரி என்று முதலாண்டில் மனப்பாடம் செய்தோமே, அந்த ஜோசப் விட்வொர்த்தேதான் ரைஃபிள் குழலையும் ஆராய்ந்தவர். 1841-ல் மரைக்குத் தரம் வகுத்தவர், 1850-களில் குழல் பக்கம் திரும்பினார். அப்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த என்ஃபீல்டு ரைஃபிளின் துளை .577 அங்குலம், ட்விஸ்ட் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் அதைப் பார்த்து அதே மாதிரி ஒன்று செய்யவில்லை. சோதனை மேல் சோதனை செய்து, துளையை .451-க்குச் சுருக்கினார். குண்டை நீளமாக்கினார். ட்விஸ்ட்டை 20 அங்குலத்துக்குக் கொண்டுவந்தார். 1857 சோதனையில் அவருடைய ரைஃபிள் என்ஃபீல்டைத் தோற்கடித்தது. விலை அதிகம் என்றும், துளையில் கரி சீக்கிரம் படிகிறது என்றும் ராணுவம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் சின்னத் துளை, நீளக் குண்டு, வேகச் சுழற்சி என்ற அவருடைய வழியில்தான் நெடுந்தூர ரைஃபிள் இன்று வரை போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. 1879-ல் ஆல்ஃபிரட் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் தந்தது. குண்டின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். .308-ல் போட்டிக்குப் பெயர் பெற்ற 175 கிரெய்ன், அதாவது 11.3 கிராம் குண்டு ஒன்றின் நீளம் சுமார் 1.24 அங்குலம்.

150 × 0.308 × 0.308 ÷ 1.24 = 11.5

ஆக 11 அங்குல ட்விஸ்ட் போதும். இன்னும் நீளமான குண்டும் சுடுவேன் என்றால் 10 வாங்க வேண்டும். எடை, வேகம், காற்றின் அடர்த்தி எல்லாம் சேர்த்து டான் மில்லர் 2005-ல் தந்த சூத்திரம் இதைவிட நுணுக்கமானது. ஆனால் பேனாவும் காகிதமும் மட்டும் இருந்தால் கிரீன்ஹில்லே போதும்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும்? அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிளே சாட்சி. முதலில் 14 அங்குல ட்விஸ்ட் வைத்தார்கள். கடுங்குளிரில் காற்று அடர்த்தியாகும்போது குண்டு தடுமாறியது. 12 ஆக்கினார்கள். 1980-களில் நீளமான குண்டு வந்ததும் 7 ஆக்கினார்கள். மூன்றிலும் துளையின் விட்டம் ஒன்றே!

இதை அப்பாவிடம் ஒரு நாள் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பழைய பேரலை அளக்கக் கூடாது, போற குண்டை அளக்கணும்ங்கிற" என்றார். நான் மூன்று பக்கத்தில் சொன்னதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எந்த எஃகு? எந்த முறை?

குழல் செய்ய இரண்டு எஃகு பிரபலம். ஒன்று குரோம்-மாலி, அமெரிக்கக் கணக்கில் 4140. நம் கடைகளில் கிடைக்கும் ஈ.என். 19 கிட்டத்தட்ட அதேதான். இன்னொன்று 416 ரக ஸ்டெயின்லெஸ். இதில் குரோமியம் 12 முதல் 14 சதம். சுலபமாகக் கடைவதற்காகக் கந்தகமும் சேர்த்திருப்பார்கள். உள்ளே வழவழப்பாக முடிக்க வசதி என்பதால் போட்டிக் குழல்கள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ்தான். கடினத்தன்மை ராக்வெல் சி 28 முதல் 32 வரை இருக்கும்.

காடி போடும் முறைகளில் முக்கியமானவை மூன்று. முதலாவது வெட்டும் முறை. ஒரே ஒரு கொக்கி டூல் ஒவ்வொரு இழுப்புக்கும் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் எடுக்கும். .308-ல் காடியின் ஆழம் 4 தவ். ஆகவே ஒரு காடிக்கே 40 இழுப்பு! நேரம் பிடிக்கும், ஆனால் எஃகில் உள் இறுக்கம் ஏறாது. இரண்டாவது, கார்பைடு பட்டனைத் துளை வழியாக இழுத்துக் காடியை அழுத்திப் பதிப்பது. இது வேகமானது. ஆனால் எஃகுக்குள் இறுக்கம் தங்கிவிடும். ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்யாமல் வெளிப்புறத்தைக் கடைந்தால் உள் விட்டம் விரிந்துவிடும். மூன்றாவது, மாண்ட்ரலின் மேல் வைத்துச் சம்மட்டி இயந்திரத்தால் அடித்து உருவாக்குவது. ஆயிரக்கணக்கில் செய்ய ஏற்றது. போட்டியாளர்கள் தேடுவது பெரும்பாலும் முதல் இரண்டைத்தான்.

கனமும் நீளமும்

குழலின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. முக்கால் அங்குலக் குழலை ஒரு அங்குலமாக்கினால் விறைப்பு சுமார் 3 மடங்கு கூடும். எடையோ இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடும். அப்படியென்றால் தடிமனாகவே வாங்கிவிடலாமே? அங்கேதான் போட்டி விதி குறுக்கே வருகிறது. எஃப் கிளாஸின் ஒரு பிரிவில் ரைஃபிளின் மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. நீளம் கூடினால் வேகம் கூடும், ஆனால் எடையும் கூடும், தொய்வும் கூடும். எல்லாவற்றிலும் அதிகம் வேண்டும் என்று கேட்க முடியாது. டிசைன் என்றாலே ஒன்றை விட்டு ஒன்றைப் பெறுவதுதானே!

மாட்டும் கை

நல்ல குழல் வாங்கினால் மட்டும் போதாது, அதை ஒழுங்காகப் பொருத்த வேண்டும். தோட்டா அறையின் ஆழத்தைச் சரிபார்க்க கோ, நோ-கோ கேஜ் உண்டு. .308-க்கு கோ 1.630 அங்குலம், நோ-கோ 1.634. இடைவெளி 4 தவ், நம் கணக்கில் 0.1 மில்லிமீட்டர். இது தப்பினால் தோட்டாக் கூடு கிழிந்து, சுடுகிறவர் முகத்துக்கே ஆபத்து.

அறை வெட்டும் முன் டயல் வைத்துக் குழலை ஆட்டம் இல்லாமல் நாலு தாடைச் சக்கில் கட்ட வேண்டும். இந்த வேலை எந்தச் சூத்திரத்திலும் இல்லை. ஈயத்தைக் குழலுக்குள் வார்த்து, மாவு தடவி, கையால் இழுத்து இழுத்து உள்ளே மெருகேற்றுகிறவர், எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று கைக்குத் தெரிவதை வைத்தே வேலை செய்கிறார். டயலின் முள் அசையாமல் ஜாப் கட்டுவதில் நான் இன்னும் அப்பாவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எதைச் செய்வது என்று கணக்கு சொல்லும். செய்து முடிப்பது கைதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதமே. உரிமம் இல்லாமல் குழல் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். திருச்சியில் 1966-ல் தொடங்கிய அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை போன்ற இடங்களில் முறைப்படி நடக்கும் வேலை அது.

முதலாண்டுத் தம்பிகளுக்கு இந்த வரிசையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். முதலில் தூரம், பிறகு குண்டு, குண்டின் நீளத்திலிருந்து ட்விஸ்ட், அதற்கப்புறம் எஃகு, காடி முறை, தடிமன், நீளம், கடைசியில் பொருத்தும் கை. குழலுக்கு மட்டுமல்ல, நாளைக்கு நீங்கள் மாற்றப்போகும் கியருக்கும், பேரிங்குக்கும், பம்பு ஷாஃப்ட்டுக்கும் இதே வரிசைதான். பழசை அளப்பதற்கு முன், அது எதற்காக அப்படி இருந்தது என்று ஒரு தடவை கேளுங்கள். அதைக் கேட்கத்தான் நம் வீட்டில் நம்மை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.