கொங்குக் கைவினை ஊர்கள் – 9: சென்னிமலையில் ஒரு நாள்

ஈரோட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், பெருந்துறை வட்டத்தில் இருக்கிறது சென்னிமலை. கோவைப் பக்கமிருந்து வருகிறவர்கள் பெருந்துறையில் பஸ் மாறிக்கொள்ளலாம். ரயிலில் வந்தால் ஈங்கூர் நிலையம் பக்கம். மலைமேல் முருகன், மலையடியில் தறி. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மலையேறிக் கும்பிட்டுவிட்டு, அடிவாரக் கடையில் ஒரு டீ குடித்து, அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுகிறார்கள். ஊரில் பாதியை அவர்கள் பார்ப்பதே இல்லை. காலையை மலைக்கும், நடுப்பகலைத் தறிக்கும், சாயங்காலத்தை நொய்யல் ஆற்றின் கரைக்கும் கொடுத்தால்தான் இந்த ஊர் பிடிபடும். பவானி ஜமக்காளம் சென்ற வாரத்தோடு முடிந்தது. அதைப் படித்தவர்களுக்குக் குழிக்குள் கால் வைத்து மிதிக்கும் குழித்தறியையும், குறுக்கு நூலை ஏந்தி ஓடும் நாடாவையும் மறுபடி விளக்கத் தேவையில்லை.

மலைப்படிகள் 1320. பாறை சூடேறுவதற்கு முன்னால், விடிந்ததும் ஏறத் தொடங்குவது நல்லது. முட்டிவலி உள்ளவர்களுக்குச் சுமார் நான்கு கிலோமீட்டர் மலைப்பாதை இருக்கிறது. ஆனாலும் படியில் ஏறினால்தான் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவது தெரியும். மூலவர் தண்டாயுதபாணி. வள்ளியும் தெய்வானையும் தனிச் சந்நிதியில், சற்று உயரத்தில் இருக்கிறார்கள். அதற்கும் மேலே பிண்ணாக்குச் சித்தர் இருந்த இடம். கந்தர் சஷ்டி கவசத்தைத் தேவராய சுவாமிகள் அரங்கேற்றியது இந்தக் கோயிலில்தான் என்பது இங்குள்ள மரபு. மலைக்குச் சிரகிரி என்ற பெயரும் உண்டு. கவசத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானதுதான்.

அபிஷேகத் தண்ணீர் பொதிகாளைகளின் முதுகில் படிவழியே மேலே போகிறது. மலைப்பாதை போட்ட பிறகும் இந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. 1984 பிப்ரவரியில் இரட்டை மாட்டு வண்டியொன்று 1320 படிகளையும் ஏறியது என்பதை ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். காங்கேயம் மாடு பிறந்த சீமையில் இந்தச் சேதியைக் கேட்டு யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. தைப்பூசத் தேர் நோம்பிக்குப் போனால் கூட்டத்தைப் பார்க்கலாம். மலையைப் பார்க்க வேறு நாள் வேண்டும்.

மலையிலிருந்து பார்த்தால் நாலாபுறமும் மேட்டாங்காடு. மானாவாரிச் சோளம், கொள்ளு, ஆட்டுக்கு வளர்த்த கொழுக்கட்டைப் புல், முள்வேலி போட்ட காடுகள். மழையை நம்பியே பிழைக்க வேண்டிய மண். இங்கே கைத்தொழில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம். இன்னொரு காரணம் காலுக்குக் கீழேயே கிடக்கிறது. இந்த மலைப்பகுதியில் மாக்னடைட் என்னும் இரும்புத்தாது உண்டு. இங்கிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், நொய்யலின் வடகரையில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கொடுமணல் என்ற ஊரின் உலைகளில் இரும்பு உருக்கினார்கள். மூசையில் வைத்து எஃகும் செய்தார்கள். அந்த உலைகளுக்குத் தாது சென்னிமலைப் பக்கமிருந்து போயிருக்கும் என்பது அகழாய்வாளர்களின் கருத்து. பக்தர்கள் மிதித்து ஏறும் மலை ஒரு காலத்தில் ஒரு தொழிலூருக்குக் கச்சாப்பொருள் கொடுத்திருக்கிறது. படிக்கட்டுப் பக்கத்தில் இதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் பள்ளிப் பிள்ளைகளாவது படிப்பார்கள்.

இறங்கியதும் தெருக்களுக்குள் நடக்க வேண்டும். தறி ஓடும் வீட்டைத் தேட வேண்டியதில்லை, சத்தம் கூட்டிப்போகும். பவானிக்கு ஜமக்காளம் போலச் சென்னிமலைக்குப் போர்வை. பெட்ஷீட், துண்டு, திரைச்சீலை, மேசைவிரிப்பு எல்லாம் இங்கே நெய்தாலும், தமிழ்நாட்டு வீடுகளில் ‘சென்னிமலை’ என்றாலே போர்வைதான். வெள்ளைக்காரர் நாடுகளுக்கும் இங்கிருந்து வீட்டுத்துணி போயிருக்கிறது.

தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் என்றாலும், அவருக்குப் பின்னால் வீடே வேலை செய்கிறது. ஒருவர் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றுவார். இன்னொருவர் சாயமேறிய நூலைப் பிரித்துக் காயவைப்பார். பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள், முடிந்ததும் நடக்கும் பிணைப்பு வேலையைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. பழைய பாவின் முனைகள் சீப்புப் போன்ற அச்சிலும், இழையைத் தூக்கி இறக்கும் விழுதிலும் அப்படியே நிற்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதனதன் பழைய முனையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரே திருகு. முடிச்சுப் போட்டால் அச்சுப்பல்லில் மாட்டி அறுந்துவிடும். திருகினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அங்குலத்துக்கு 40 இழை என்று வைத்துக்கொண்டாலும் 60 அங்குல அகலத்துக்கு 2400 திருகு. பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்க, விரல் மட்டும் தவறுவதில்லை.

நூலுக்கு ‘நம்பர்’ என்று ஒரு கணக்கு உண்டு. இருபதாம் நம்பர், நாற்பதாம் நம்பர் என்று தறிக்காரர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வதன் அடியில் ஒரு அழகான கணிதம் இருக்கிறது. ஒன்றரைக் கஜம் சுற்றளவுள்ள சக்கரத்தில் 80 சுற்று சுற்றினால் 120 கஜம். அப்படி ஏழு சேர்ந்தால் 840 கஜம்; அது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். கஜமும் பவுண்டும் கடைத்தெருவில் மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நூலில் மட்டும் இன்றும் அந்தக் கணக்கே ஓடுகிறது.

இதைக் கிலோவுக்கு மாற்றிப் பார்த்தால் வியப்பு. இருபதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 16,800 கஜம். ஒரு கிலோவில் ஏறத்தாழ 34 கிலோமீட்டர். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கினாலும், தனித்தனி இழையாகக் கணக்கிட்டால் நீளம் ஏறக்குறைய அதேதான். ஒரு கிலோ எடையுள்ள போர்வையைப் பிரித்து இழை இழையாக நீட்டினால், சென்னிமலை பஸ் நிலையத்தில் தொடங்கி ஈரோடு போய்ச் சேர்ந்து, ஊருக்குள் ஒரு சுற்றும் வரலாம். அதில் குறுக்கே ஊடையாகப் போகும் பாதி நூல் முழுவதையும் ஒரு மனிதர் கையால் இழுத்து, காலால் மிதித்து, நாடாவில் ஓட்டியிருக்கிறார். போர்வைக்குப் பேரம் பேசுகிறவர்கள் இந்தத் தூரத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நியாயம்.

சிட்டம் வெறும் அளவு மட்டுமல்ல, கைத்தறியின் உயிர்நாடியும் அதுதான். விசைத்தறிக்கு நூல் கோனில் வருகிறது. கைத்தறிக்குச் சிட்டமாக வர வேண்டும். அப்போதுதான் சாயத்தொட்டியில் முக்கவும் கஞ்சி போடவும் முடியும். நூற்பாலைகள் தங்கள் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகவே கட்ட வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. ஒரு காலத்தில் 50 விழுக்காடாக இருந்த அந்தப் பங்கு 2003-இல் 40 ஆகி, 2019-இல் 30 ஆகிவிட்டது. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியதிலிருந்து ஆலைகளாகவே பெருகிய கோவை இங்கிருந்து கூப்பிடு தூரம். அப்படியிருந்தும் நூல் விலை ஏறும்போது முதலில் தவிப்பது கைத்தறிக்காரர்தான்.

சாயத்தின் இன்னொரு முகத்தையும் மறைக்கக்கூடாது. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போய்த்தான் நியாயம் தேட வேண்டியிருந்தது. துணியால் வாழும் சீமை அந்தத் துணியாலேயே ஆற்றை இழந்தது. நொய்யலைப் பற்றி எழுதும்போது இதைத் தாண்டிப் போக முடியாது.

விடுதலைப் போரில் கொடி காத்த குமரனும் இந்தத் தறியூர்க்காரர்தான். 1904-இல் சென்னிமலையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். தறியை விட்டுப் பிழைப்புத் தேடித் திருப்பூர் போனவர், 1932 ஜனவரியில் ஊர்வலத்தில் போலீஸ் அடித்த அடியில் உயிர்விட்டார். ‘திருப்பூர் குமரன்’ என்று பெயர் நிலைத்ததால் பிறந்த ஊர் பலருக்கு மறந்துபோயிற்று.

நெசவாளர்களைத் தரகர்களின் பிடியிலிருந்து மீட்டவை கூட்டுறவு சங்கங்கள். அவற்றில் பெரிய பெயர் சென்டெக்ஸ். அதை வளர்த்த எம்.பி. நாச்சிமுத்து பத்மஸ்ரீ பெற்றவர். நூல் கொடுத்து, கூலி கொடுத்து, விற்பனையையும் சங்கமே ஏற்றுக்கொள்ளும் முறை. வாங்க நினைப்பவர்கள் சங்கத்து விற்பனை நிலையத்தில் வாங்குவது மேல். போர்வையும் விரிப்பும் 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்கள். 22 ஆக இருந்த பட்டியல் பின்னால் 11 ஆகச் சுருங்கியபோதும் அவை தப்பின. ஆனாலும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் கடைகளில் தாராளமாகப் புழங்குகிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அடுத்தது கரை. நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க, இரு முனையிலும் ஊசி வைத்த கோலைக் கரைக்குக் கரை குத்தி நிறுத்துவார்கள். அந்த ஊசி பட்ட சின்னச் சின்னத் துளைகளை வெளிச்சத்தில் பிடித்தால் காணலாம்.

கைத்தொழிலையே பார்க்க ஆட்கள் வரும் இடத்துக்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம் உண்டு. பல்கேரியாவில் கப்ரோவோ நகரத்தையொட்டி எட்டர் என்றொரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1964-இல் திறந்தது. ஓடைத் தண்ணீரில் சுழலும் சக்கரங்கள் பழைய பட்டறைகளை இயக்குகின்றன. கம்பளி உடையின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் பின்னல் கயிறுகூட தண்ணீர் விசையில் பின்னப்படுகிறது. மலையடி ஊரின் கைத்தொழில்களைப் பார்க்க அங்கே சுற்றுலாக்காரர்கள் ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். சென்னிமலையில் தொழில் இன்னும் காட்சிக்கு வைக்கும் பொருளாகிவிடவில்லை. வீட்டுத் திண்ணைக்கு அப்பால் பிழைப்பாகவே நடக்கிறது. ஒரு தெருவையாவது வந்து பார்ப்பவர்களுக்காக ஒழுங்குபடுத்தி, தறியை விளக்கிச் சொல்ல ஆள் வைத்து, அந்த வருமானத்தையும் நெசவாளர் கையில் சேர்த்தால், அடுத்த தலைமுறை தறியில் உட்கார ஒரு காரணம் கிடைக்கும்.

அரிசிம்பருப்புச் சோறும் நெய்யுமாக மதியச் சாப்பாடு முடிந்ததும் கொடுமணலுக்குக் கிளம்பலாம். கபிலரும் அரிசில்கிழாரும் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று சொல்லும் ஊர் அதுதான். 1985 முதல் பலமுறை தோண்டியிருக்கிறார்கள். படியூர்ப் பச்சைக்கல், சிவன்மலை நீலக்கல், குஜராத்திலிருந்து வந்த சூதுபவளம் எல்லாம் பட்டை தீட்டிய பட்டறைகள் அங்கே இருந்தன. ஒரே ஈமக்குழியில் 2220 சூதுபவள மணிகள் கிடைத்தன. இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்த அந்த மணிகளின் இடத்தை நூல் கணக்கு பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் கொடுமணல்; கூடவே, இசைக் கல்வெட்டு வெட்டி வைத்த, மணிகளின் தரம் பார்க்கும் ஒரு மணிவண்ணக்கனைத் தேடி அரச்சலூர் நாகமலையும்.