உப்பு மட்டுமா பிரச்சினை?

உப்புக்காற்று – 7

வேதாரண்யத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், குடிக்கக் கொடுக்கும் தண்ணீரோடு ஒரு வார்த்தையும் வரும். “கொள்ளிடத் தண்ணிதான், தைரியமா குடிங்க” என்பார்கள். இல்லாவிட்டால், “இது கேன் தண்ணி” என்பார்கள். சென்ற வாரம் எழுதிய அகஸ்தியன்பள்ளி உப்பளங்களை ஒட்டி வாழ்கிற ஊர் இது. தண்ணீரை உப்பை வைத்து எடைபோடுவதில் வியப்பில்லை. கரிக்காவிட்டால் குடிக்கலாம், கரித்தால் புழங்கலாம். தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கு ஊருக்குப் போதுமானதாக இருந்தது. இன்று இது போதாது என்று எனக்குப் படுகிறது. இதை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து என்றும் படுகிறது.

உப்பின் கதையை முதலில் முடித்துவிடுவோம். புஷ்பவனத்திலும் கோடியக்கரையிலும் மணல்மேடுகளில் பெய்யும் மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும். மழைநீர் கடல்நீரைவிட லேசானது. அதனால் மண்ணுக்கடியில் உவர்நீரின் மேல் அது மிதந்துகொண்டு நிற்கும். கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியையொட்டி இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். மேலே ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரும். மணலில் ஆழமில்லாத குழி தோண்டி, ஊற ஊற மொண்டு எடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் அல்ல. ஆனால் அதற்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார்கள். ஆழ்குழாய் இறக்கி மோட்டார் போட்ட பிறகு அந்தக் கட்டுப்பாடு போயிற்று.

2004 சுனாமிக்குப் பிறகும் இதே பாடம்தான். கடல்நீர் புகுந்த கிணறுகளை இறைத்துக் கழுவினால் சரியாகும் என்று கிழக்கிலங்கையில் மறுபடி மறுபடி இறைத்தார்கள். மட்டுமீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்து உப்பு மேலே ஏறி, கிணறு தேற இன்னும் நாளாயிற்று. மழைதான் மெல்ல மெல்லக் கழுவிக் கொடுத்தது.

நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் இரண்டு லிட்டர் கடல்நீர் கலந்தால் போதும், குளோரைடு லிட்டருக்கு ஏறக்குறைய 380 மில்லிகிராம் ஏறிவிடும். இந்திய தர நிர்ணய அமைவனம் ஏற்கத்தக்கது என்று சொல்லும் அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம். அந்த அளவைத் தாண்டும்போதே பெரும்பாலோருக்கு நாக்கில் தெரிந்துவிடும். வாயில் வைத்ததும் முகம் சுளிக்கும், குடத்தைக் கவிழ்த்துவிடுவோம். அந்த வகையில் உப்பு நேர்மையானது.

நாக்குக்கு எட்டாதவை வேறு. மலக்கழிவோடு வரும் கிருமிக்குச் சுவை கிடையாது, நிறம் கிடையாது. குடிநீரில் 100 மில்லிக்கு ஓர் ஈ.கோலை கூட இருக்கக்கூடாது என்பது விதி. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மாற்று நீராதாரம் இல்லையென்றாலும் அந்த எல்லையில் தளர்வு கிடையாது. அதைத் தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இவை எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் நம் கொல்லையிலிருந்து. மழைநீரைச் சேர்த்துவைக்கிற அதே மணல்தான் கழிவறைக் குழியின் நீரையும் தடையில்லாமல் விடுகிறது. கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பது பொது வழக்கு. மூன்று சென்ட் மனையில் வீடு, கழிவறை, அடிபம்பு எல்லாம் கட்டுகிறவர் 50 அடிக்கு எங்கே போவார்? குழியின் அடியில் தளம் போடாமல் வெறும் உறை இறக்கி விடுகிறார்கள். ‘நிரம்பவே நிரம்பாது’ என்று கொத்தனார் அதைப் பெருமையாகச் சொல்வார். நிரம்பாத குழி எங்கே காலியாகிறது என்று யாரும் கேட்பதில்லை. அடைமழையில் நிலத்தடி நீர் குழியின் அடியைத் தொடும்போது நிலைமை இன்னும் மோசம்.

சரி, கிணற்றை விட்டுவிட்டோம், கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிறதே என்பீர்கள். அந்தத் தண்ணீர் குளோரின் கலந்துதான் புறப்படுகிறது. வீட்டுக் குழாயில் வந்து விழும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். லேசான மருந்து வாடை அடித்தால் கோபப்படாதீர்கள், நிம்மதியடையுங்கள். ஆனால் குழாய் நெடுந்தூரம் வருகிறது, தண்ணீரோ விட்டு விட்டு வருகிறது. தண்ணீர் நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. விரிசல் இருக்குமிடத்தில் சாக்கடை ஓடினால் அது உள்ளே கசியும். அதற்கு மேல், தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிற வழக்கம். இதைப் பக்கத்து வீட்டுக்குச் செய்யும் அநியாயம் என்று மட்டும் நினைக்கிறோம். உறிஞ்சுகிறவர் வீட்டுக்குத்தான் அந்த விரிசலின் சாக்கடையும் சேர்ந்து வருகிறது.

இவ்வளவையும் கடந்து நல்லபடியாக வந்து சேரும் தண்ணீரை நாம் எங்கே கொட்டி வைக்கிறோம்? தோப்புத்துறையில் ஒரு வீட்டு சம்ப்பைத் திறந்து பார்த்தேன். முற்றத் தரைக்குச் சமமாக வாய். மேலே தகர மூடி, ஓரமெல்லாம் உப்புக்காற்றில் அரித்துச் செதில் செதிலாக உள்ளே உதிர்ந்துகொண்டிருந்தது. பாத்திரம் கழுவிய நீர் அந்த மூடியைச் சுற்றித்தான் வாய்க்காலுக்கு ஓடுகிறது. உள்ளே சிமென்ட் பூச்சு வெடித்த இடத்தில் தென்னை வேர் நரை மயிர்போல் கொத்தாகத் தொங்கியது. வேர் நுழைகிற வழியில் மண்ணின் நீரும் நுழையும். “மவ கல்யாணத்துக்குக் கழுவுனதுதான் தம்பி” என்றார் வீட்டு அம்மா. அந்த மகளின் பிள்ளை பக்கத்தில் பள்ளிப் பையோடு நின்றிருந்தான். அவர் சுத்தக்காரர். அடுப்படி பளிச்சென்று இருந்தது, குடிதண்ணீர்க் குடத்துக்கு வெள்ளைத்துணி கட்டியிருந்தார். கண்ணில் படுகிற இடத்தையெல்லாம் அவர் துலக்குகிறார். சம்ப் கண்ணில் படுவதில்லை.

வெள்ளைத்துணியைக் குறைத்துச் சொல்லவில்லை. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் பழைய சேலைத்துணியைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டச் சொல்லிக் கொடுத்தபோது, காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. காலராக் கிருமி கழிமுக நீரில் வாழும் சின்னஞ்சிறு மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டு வருவதால் துணியில் சிக்குகிறது. ஆனால் தனியே மிதக்கும் கிருமியைத் துணி தடுக்காது. அதற்குக் குளோரின் வேண்டும், அல்லது தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும்.

வீட்டுத் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். வாளியில் குழைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். கலங்கல் தண்ணீரில் இது வேலை செய்யாது. ஒரு வேண்டுகோள்: பவுடரைக் கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிரை எடுக்கும். கடற்காற்றின் ஈரத்தில் பவுடரும் சீக்கிரம் வீரியம் இழக்கும் என்பதால், இறுக மூடிய டப்பாவில் கொஞ்சமாக வாங்கி வைப்பதே நல்லது.

தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்து வீட்டுப் பாதுகாப்புக்கு வந்துவிட்டேன். கடலோர வீட்டில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. குழாய் எப்போது வரும் என்று தெரியாததால் டிரம்மில் பிடித்து வைக்கிறோம். மூடாத டிரம்மில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்தும் சாகாமல் கிடக்கும். ஆகவே வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நடை பழகும் பிள்ளை உள்ள வீட்டில் திறந்த டிரம்மும் திறந்த சம்ப்பும் நேரடி ஆபத்து.

மோட்டாரைப் பாருங்கள். உப்புக்காற்று எர்த் கம்பியின் முடிச்சை அரித்துவிட்டிருக்கும். எர்த் இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், கோடையில் காய்ந்த மணலில் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று சுவிட்சைத் தட்டும் பெண்களைத்தான் இது முதலில் தாக்கும். 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

மூடிக்கிடந்த சம்ப்பைத் திறந்த உடனே யாரும் இறங்கக்கூடாது. உள்ளே சுவாசிக்கக் காற்று இருக்காது. இறங்கியவர் மயங்கினால் காப்பாற்றக் குதிப்பவரும் மயங்குவார், இப்படித்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர் போகிறது. மேலிருந்தே இறைத்து, நீளக்கம்பு பிரஷ்ஷால் தேய்க்க முடிந்ததைத் தேய்க்கலாம். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நெடுநேரம் திறந்துபோட்டு, காற்றை உள்ளே செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க வேண்டும். மூச்சை அடைக்கும் இன்னோர் ஆபத்து ஜெனரேட்டர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையில் ஏறிய பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் தண்ணீர் ஏற்றினார்கள். அடுத்த புயலுக்கும் அதையே செய்வோம். ஜெனரேட்டர் புகையில் வாடையற்ற கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மழைக்குப் பயந்து அதைத் திண்ணைக்கோ மாடிப்படிக்கு அடியிலோ கொண்டுவரக்கூடாது.

கேன் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உரிம எண்ணும் தேதியும் முத்திரையும் உள்ள கேன் என்றால் வாங்குங்கள். ஆனால் கேனைக் கவிழ்த்து வைக்கிற குழாய்ச்சட்டியைக் கழுவாமல் கேனை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பயனில்லை. வீட்டு ஆர்.ஓ. உவர்நீருக்குத் தேவைதான். கொள்ளிடத் தண்ணீருக்கு அதை மாட்டுவது, ஒரு குடத்துக்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடையில் விடுவது. தண்ணீருக்குத் தவம் கிடக்கும் ஊரில் எனக்கு அது பொறுக்கவில்லை.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி யாரும் மாதிரி கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1982இல் வெளியிட்ட எளிய முறையும் இருக்கிறது. மருந்திட்ட தாள்துண்டு உள்ள சிறு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தால், மலக்கழிவுக் கிருமி இருக்கும் நீர் ஓரிரு நாளில் கறுத்துப்போகும். பள்ளி அறிவியல் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டுத் தண்ணீரை இப்படிப் பார்க்கலாமே! நகராட்சியும் ஒவ்வொரு வார்டின் கடைசிக் குழாயில் எவ்வளவு குளோரின் மிஞ்சுகிறது என்பதை வாரம் ஒருமுறை பலகையில் எழுதிப் போட வேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, கேட்க வேண்டும்.

ஐப்பசி மழை இறங்கும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டு சம்ப்பின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வேர், விரிசல், துரு, எது தெரிந்தாலும் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். வாய் தரைக்குச் சமமாக இருந்தால் ஒரு முழமாவது உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

(தொடரும்)