உறக்கத்தை அழைக்கும் இசை

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பது நம் முன்னோர் வாக்கு. நாளெல்லாம் உழைத்துக் களைத்தவனுக்குக் கட்டாந்தரையும் பஞ்சணையாகும் என்பது அதன் கருத்து. ஆயினும், உடல் களைத்திருந்தும் கண்மூட மறுக்கும் இரவுகள் உழைப்பாளர் வாழ்விலும் உண்டு. கடன், பிள்ளைகளின் படிப்பு, மழையால் இழந்த வேலைநாள் எனப் பல கவலைகள் பாயில் நம்முடன் சேர்ந்து படுத்துக்கொள்கின்றன. பால்மரம் வெட்டும் தொழிலாளர்க்கு இஃது ஏனையோரைவிடப் பெரிய இடர். அவர் எழ வேண்டிய நேரத்தை நிர்ணயிப்பது மரமே அன்றோ!

1877-ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இந்நாட்டின் ரப்பர் தொழிலுக்கு அவை முன்னோடிகள். பின்னாளில் பேராக்கில் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு நம்மவரின் விடியற்காலை வேலையும் வழக்கமாயிற்று. கதிரவன் எழுவதற்கு முன் மரம் இலைகளின் வழியே மிகுதியாக நீரை இழப்பதில்லை. அதனால் பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெட்டியவுடன் பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து பாலும் குறையும். ஆகவே இன்றும் ரப்பர் மரத்தை நம்பி வாழ்வோர் இருள் பிரியுமுன் எழுகின்றனர். பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறியிருப்பினும், அதிகாலையில் எழும் வழக்கம் தோட்டப்புறத்தைவிட்டு நீங்கவில்லை.

வயது வந்தோருக்கு இரவில் ஏழு மணி நேர உறக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் கருத்து. காலை நாலரை மணிக்கு எழுபவர் இரவு ஒன்பதரைக்குள் உறங்கியிருக்க வேண்டும். பத்தரை, பதினொன்று எனப் புரண்டுகொண்டிருந்தால், மறுநாள் கை தளரும். சற்றே ஆழமாக இறங்கும் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தும். அவ்விடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மரத்துக்கு மட்டுமா கேடு? தூக்கக் கலக்கத்தோடு இருளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் உயிருக்கும் அன்றோ ஆபத்து!

இதற்கு மருந்தென எண்ணிச் சிலர் கள்ளையும் சம்சுவையும் நாடுகின்றனர். மது விரைவில் கண்ணை மூடச் செய்வது உண்மையே. ஆனால், நள்ளிரவுக்குப் பின் அதுவே உறக்கத்தைக் கலைத்துவிடும். குடித்தவர் எழுகையில் களைப்போடுதான் எழுவார். நாளடைவில் குடியின்றி உறக்கமே வராது என்ற நிலையும் வந்து சேரும். இந்த வழியை நாடாமலே பயன்பெறச் செலவில்லாத துணை ஒன்று நம் வீட்டிலேயே உள்ளது. அதுவே இசை.

இஃது ஆராயப்பட்ட செய்தி. தைவானில் உறக்கக் குறைவுற்ற 60 முதல் 83 வயது வரையிலான 60 பேரிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அவர்களுள் ஒரு பகுதியினர் மூன்று வாரங்கள் இரவுதோறும் 45 நிமிடம் மென்மையான இசையைக் கேட்டனர். அவர்களின் உறக்கம் வாரத்துக்கு வாரம் சீர்பட்டது. ஹங்கேரி நாட்டில் 94 மாணவர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அங்கே ஒரு பிரிவினர் இசையையும், இன்னொரு பிரிவினர் ஒலிப்பதிவு செய்யப்பட்ட நூல் வாசிப்பையும் கேட்டனர். இசை பயன் தந்தது. வாசிப்பு அவ்வாறு தரவில்லை. படுக்கையில் நாடகமும் செய்தியும் கேட்டுக்கொண்டே உறங்க முயல்வோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். பேச்சைக் கேட்கும் மனம் அதன் பொருளைத் தேடி விழித்திருக்கும்.

எத்தகைய இசையைத் தேர்ந்தெடுப்பது? இதற்கு விடை நம் தாய்மார்கள் அறிந்ததே. எம் பாட்டியார் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற நாள்களை அவர் அடிக்கடி நினைவுகூர்வார். அரைத் தூக்கத்தில் அழும் குழந்தைகளை ஆயா தூளியிலிட்டுத் தாலாட்டுவாராம். தூளி ஆடும் அசைவுக்கேற்பப் பாட்டும் நடக்கும், ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும், குரல் உயராது, திடீர்த் திருப்பம் எதுவும் இராது. குழந்தை உறங்குவதற்குள் சில வேளை ஆயாவே கண்ணயர்ந்துவிடுவாராம்! தாலாட்டு வளர்ந்தவரையும் உறங்கவைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

'தால்' என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் அது தாலாட்டாயிற்று என்பர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தாலப் பருவமும் ஒன்று. பெரியாழ்வார் கண்ணனுக்கே தாலாட்டுப் பாடினார். கருநாடக இசையில் நீலாம்பரி என்னும் இராகம் தாலாட்டுக்கும் துயிலுக்கும் உரியதாகப் போற்றப்படுகிறது. இவையனைத்திலும் நாம் காணும் பண்பு ஒன்றே. நிதானமான நடை, தாழ்ந்த ஒலி, மாறாத ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே உறக்க இசை.

பாடலின் நடையை அளக்க எளிய வழி உண்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பாட்டின் தாளத்துக்கு விரலால் தட்டுங்கள். 15 விநாடியில் 15 முதல் 20 தட்டுகள் வந்தால் அது நிமிடத்துக்கு 60 முதல் 80 வரையாகும். அமைதியாயிருக்கும் மனிதனின் இதயத் துடிப்பை ஒத்த இந்நடையே உகந்தது. வீணை, புல்லாங்குழல் ஆகியவற்றின் மெல்லிசையும் நிதானமான பக்திப் பாடல்களும் ஏற்றவை. ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்தில் காவடியோடு முழங்கும் உறுமி மேளம் நம் உள்ளத்தைத் துள்ளச் செய்யும். அது படுக்கைக்கு உரியதன்று. பிரிந்தவரை நினைவூட்டி நெஞ்சை உருக்கும் பாடல்களும் வேண்டாம்.

அடிக்கடி கேட்ட திரைப்பாடலின் மெட்டு, பாட்டு நின்ற பின்னும் மனத்தில் ஓடிக்கொண்டேயிருப்பதை நாம் அறிவோம். அத்தகைய மெட்டுகள், சொற்களின்றி இசைக்கருவிகளால் வாசிக்கப்பட்டாலும், உறக்கத்தைக் கெடுக்கக்கூடும் என்று 2021-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. ஆதலால், உங்களுக்குப் பிடித்ததாகவும் மனத்தில் ஒட்டிக்கொள்ளாததாகவும் உள்ள இசையே நலம்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். படுப்பதற்கு அரைமணி முன்பே விளக்கைத் தணியுங்கள். வானொலியோ கைத்தொலைபேசியோ, எதுவாயினும் தலைமாட்டில் வைக்காமல் சற்றுத் தொலைவில் வையுங்கள். காதில் செருகிக்கொண்டு உறங்க வேண்டா. முக்கால் மணிக்குப் பின் தானே நிற்குமாறு முடுக்கிவிடுங்கள். ஒலி, பேசும் குரலைவிடத் தாழ்ந்திருக்கட்டும். வீடுகள் நெருங்கியுள்ள லயத்திலும் தாமானிலும் நம் வீட்டுப் பாட்டு அடுத்த வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்தல் தகாது. அவரும் விடியுமுன் எழ வேண்டியவரே. ஒரே இரவில் பயனை எதிர்பாராமல், ஒரே இசையை மூன்று வாரங்களேனும் தொடருங்கள்.

இசை துணையே தவிர, எல்லா நோய்க்கும் மருந்தன்று. உரத்த குறட்டையுடன் மூச்சு நின்று நின்று வருவோரும், வாரக்கணக்கில் உறக்கமின்றி வாடுவோரும், துயரத்தால் வாழ்வில் வெறுப்புற்றோரும் அரசாங்கக் கிளினிக்கை நாடித் தயங்காமல் சொல்ல வேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

நாளும் நமக்காக உழைக்கும் உடலுக்கு நாம் தரக்கூடிய கூலி நல்லுறக்கம். அன்று ஆயா தூளியை ஆட்டித் தந்த அமைதியை இன்று நமக்கு நாமே தந்துகொள்ளலாம். இன்றிரவே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். கடிகாரத்தை வைத்து அதன் நடையை அளந்து பாருங்கள். ஒலியைத் தணித்துக் கண்ணை மூடுங்கள்.