படம் உண்டு, சத்தம் இல்லை!
வீட்டில் சினிமாப் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் என் நண்பர் குடியிருக்கிறார். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. சொந்த ஊர் நெல்லைச் சீமை. தகப்பனார் காலமான பிறகு தாயாரை ஊரில் தனியாக விட மனம் இல்லாமல், போன தீபாவளிக்கு இங்கே அழைத்து வந்து விட்டார்.

அந்த அம்மாளுக்கு வயது 74. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. மராத்தியைக் கேட்கவே வேண்டாம். மகன் காலை 8 மணிக்குப் போனால் இரவு 9 மணிக்குத்தான் திரும்புவார். மருமகளும் வேலைக்குப் போகிறவர். பேத்தி பள்ளிக்கூடம் போய் விடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூமில் பகல் முழுவதும் அந்த அம்மாள் தனி. மகன் 15 வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் தமிழ்ப் படங்கள்தான் பேச்சுத் துணை.

சுமார் 400 படங்கள். வி.சி.டி.யாகவும் டி.வி.டி.யாகவும் வாங்கியதை எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வைத்திருக்கிறார். அதை டி.வி.யில் ஓட்ட ஒரு பெட்டி வேண்டும்.

"அண்ணாச்சி, நீங்க நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால உட்காருகிறவர். நல்ல பெட்டியாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

"ஒரு வாரம் பொறுங்கள்" என்றேன். அவருக்குப் பொறுமை ஏது? மறுநாளே லேமிங்டன் ரோட்டுக்குப் போய், ரூ.2 ஆயிரத்து 800 கொடுத்து, "4 கே" என்று கொட்டை எழுத்தில் போட்ட கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து விட்டார். பத்தே நாளில் அது பரணுக்குப் போனது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சரக்கைப் பாருங்கள்

பெட்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் இருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் நம் ஹார்டு டிஸ்க். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பெட்டியையும் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒரு படக் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. என்று வால் இருக்கும். பலரும் அதுதான் படத்தின் ஜாதி என்று நினைக்கிறார்கள். அது வெறும் வேகன். உள்ளே ஏற்றிய சரக்கு வேறு. எம்.கே.வி. என்ற ஒரே வேகனில் படம் ஒரு முறையிலும், ஒலி வேறொரு முறையிலும், வசன எழுத்து தனியாகவும் ஏற்றப்பட்டிருக்கும். நம் டி.வி. வேகனை உள்ளே விடும்; சரக்கை இறக்கத் தெரியாமல் விழிக்கும்.

நண்பர் வீட்டில் நடந்தது இதுதான். அவருடைய 32 அங்குல டி.வி.யிலேயே யு.எஸ்.பி. துளை இருக்கிறது. டிஸ்க்கைச் செருகினால் முக்கால்வாசிப் படங்கள் ஓடின. 30 படங்களுக்கு மேல், படம் உண்டு, சத்தம் இல்லை. சிவாஜி வாயசைக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாள் தனக்குத்தான் காது போய் விட்டது என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

காரணம் டி.டி.எஸ். என்ற ஒலி முறை. டி.வி.டி.யில் இருந்து எடுத்த படங்களில் இது வரும். இதற்கு டி.வி. கம்பெனி உரிமைக் கட்டணம் கட்ட வேண்டும். சாம்சங் 2018-ம் ஆண்டு மாடல்களில் இருந்து இதை விட்டு விட்டது. எல்.ஜி.யும் 2020-ல் விட்டு, 2023-ல் சில மாடல்களில் திரும்பச் சேர்த்தது. ஆகவே புது டி.வி. வாங்கினால் எல்லாம் சரியாகி விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய டி.வி.யில் பேசிய படம் புதியதில் ஊமையாவதும் உண்டு.

சரக்கு என்ன என்று பார்க்கும் வழி எளிது. கம்ப்யூட்டரில் வி.எல்.சி. என்ற இலவச புரோகிராமில் படத்தை ஓட்டி, கண்ட்ரோல் விசையையும் ஜே எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். படம் எந்த முறை, ஒலி எந்த முறை என்று பட்டியல் வரும். எச்.264 என்று இருந்தால் கவலை இல்லை. 2003-ல் வந்த முறை. இன்று அதை ஓட்டாத பெட்டி அபூர்வம். எச்.265 என்றால் 2013-ல் வந்தது, பழைய டி.வி.களுக்கு அது புரியாது.

வி.சி.டி.யில் இருந்து அப்படியே எடுத்தது "டாட்" என்ற வாலோடு இருக்கும். டி.வி. அதைக் கண்டு கொள்ளாது. வாலை எம்.பி.ஜி. என்று மாற்றினால் பெரும்பாலும் ஓடும். டி.வி.டி.யில் இருந்து அப்படியே எடுத்தது ஒவ்வொரு ஜி.பி.யாகத் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு துண்டு முடிந்ததும் எழுந்து போய் அடுத்ததைப் போட வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராமில் கொடுத்தால் ஒரே கோப்பாகச் சேர்த்துத் தரும். நேரம் பிடிக்கும், இரவில் விட்டு விட்டுத் தூங்கலாம்.

4 கே மோகம்

இனி அந்தக் கறுப்புப் பெட்டிக்கு வருவோம்.

2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி வி.சி.டி. ரூ.28-க்கும், டி.வி.டி. ரூ.34-க்கும் விற்றது பலருக்கு நினைவிருக்கும். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் டிக்கெட் கிடைக்காமல் திரும்பிய நம்மவர்கள், ஒரு டிக்கெட் காசில் ஒரு படத்தையே வீட்டுக்குக் கொண்டு வந்த காலம் அது. நண்பரிடம் இருப்பதில் பாதிக்கு மேல் அந்தச் சரக்குதான். கம்பெனியையே கலைக்க 2018-ல் உத்தரவாகி விட்டது. வட்டுகள் இன்னும் ஓடுகின்றன.

ஒரு வி.சி.டி. படத்தில் அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288 புள்ளி. மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம். 4 கே திரையில் 82 லட்சத்துக்கு மேல். ஒரு புள்ளியை 80 புள்ளியாக இழுத்தால் தெளிவு எங்கிருந்து வரும்? வி.சி.டி. பார்க்க 4 கே பெட்டி வாங்குவது, அரைப்படி அரிசிக்கு அண்டா வாங்குகிற கதை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் பெட்டியில் கம்பெனி பெயரே இல்லை. திடீர் திடீர் என்று விளம்பரம் முளைத்தது. மகள் படிப்புக்காகப் போட்ட இன்டர்நெட் கணக்கு, யாரும் தொடாமலே இரவோடு இரவாகக் கரைந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. இப்படிப் பெயர் இல்லாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே திருட்டுப் புரோகிராம் ஏற்றி விற்கிறார்கள் என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் எச்சரிக்கையே விட்டது. நம் வீட்டு இணைப்பை வேறு யாரோ தங்கள் மோசடிக்குப் பயன்படுத்துவார்களாம். நண்பரின் பெட்டி அந்த ரகம்தானா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் கணக்கு கரைவது நின்றது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

"டிஸ்க் எதற்கு, யூ டியூபிலேயே பழைய படம் கிடைக்கிறதே?" என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கிறது. ஆனால் சந்துக்குள் சிக்னல் நிற்பதில்லை. படத்தின் உச்சக்கட்டத்தில் சோப்பு விளம்பரம் வரும். அதைத் தள்ளத் தெரியாமல் அம்மாள் படம் முடிந்து விட்டது என்று எழுந்து விடுவார். காசு கட்டிப் பார்க்கும் தளங்களில் உரிமைக் காலம் தீர்ந்ததும் படம் காணாமல் போய் விடும். ஒன்று மட்டும் சொல்லி விடுகிறேன். தளங்களில் திருட்டுத்தனமாகக் கிடைப்பதை இறக்கிச் சேர்க்கிறவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதவில்லை. தமிழ்நாட்டில் 2004-லேயே வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள்.

என்ன வாங்கினோம்?

வீட்டில் பழைய டி.வி.டி. பிளேயர் யு.எஸ்.பி. துளையோடு இருந்தால் அதை முதலில் சோதியுங்கள். ஏ.வி.ஐ. ரகப் படங்களுக்கு அது போதும், எம்.கே.வி.க்கு ஆகாது. ஓரத்தில் கிடக்கும் லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அதைவிட நல்ல பிளேயர் கிடையாது; எல்லாவற்றையும் ஓட்டும். ஆனால் 74 வயது அம்மாள் மவுஸ் பிடிக்க வேண்டும். ராஸ்பெரி பை என்ற சீட்டுக்கட்டு அளவு கம்ப்யூட்டரில் கோடி என்ற இலவச புரோகிராமைப் போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கை வேலை பிடித்தவர்களுக்கு அது சொர்க்கம். எங்களுக்கு வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் வாங்கியது, பெயர் தெரிந்த கம்பெனியின், கூகிள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டி.வி. பெட்டி. முதல் பெட்டியை விடச் சுமார் ஆயிரம் ரூபாய் அதிகம். அதில் முழு அளவு யு.எஸ்.பி. துளை இருக்கிறதா என்று மட்டும் குறியாக இருந்தேன். டி.வி.யின் பின்னால் செருகும் குச்சி வகைகளில் பெரும்பாலும் அந்தத் துளை இருக்காது. பெட்டியில் வி.எல்.சி.யை ஏற்றியதும் ஊமைப் படங்கள் எல்லாம் பேச ஆரம்பித்தன. ஒலியைப் பெட்டியே பிரித்துச் சாதாரண ஒலியாக டி.வி.க்கு அனுப்பி விடுகிறது.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் உங்களிடம் இருப்பதிலேயே அதிகம் தகராறு செய்யும் நாலைந்து படங்களை எடுத்துப் போங்கள். பென் டிரைவ் பேட் 32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட படம் அதில் ஏறாது, என்.டி.எப்.எஸ். முறைக்கு மாற்றிக் கொள்ளவும். கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை.

இன்னொரு தொல்லை, கரண்ட். சிறிய ஹார்டு டிஸ்க்குகள் யு.எஸ்.பி. துளையில் இருந்தே கரண்ட் இழுக்கின்றன. துளை போதிய அளவு தராவிட்டால் டிஸ்க் "டிக், டிக்" என்று அடித்துக் கொள்ளும். நண்பர் வீட்டில் முதல் நாள் இரவு அப்படித்தான் அடித்தது. தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப் ஒன்றை இடையில் போட்டோம். அடங்கியது.

ஒரே ரிமோட்

பெட்டிக்கு ஒன்று, டி.வி.க்கு ஒன்று என்று இரண்டு ரிமோட் இருந்தால் வயதானவர்கள் தடுமாறிப் போவார்கள். எச்.டி.எம்.ஐ. வயர் வழியாகவே பெட்டி டி.வி.யை எழுப்பும் வசதி உண்டு, சி.இ.சி. என்று பெயர். டி.வி. அமைப்பில் தேடி அதைப் போட்டு விட்டோம். இப்போது ஒரே ரிமோட். நாலு அம்புக்குறி, நடுவில் ஒரு பொத்தான்.

அப்படியும் அம்மாள் தானாகப் படம் போடவில்லை. "எல்லாம் இங்கிலீஷுல இருக்குய்யா" என்றார். எங்களுக்கு உறைத்தது. அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். நண்பர் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 400 கோப்புகளின் பெயரையும் தமிழில் மாற்றினார். தமிழ்ப் பெயர்கள் சில பெட்டிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். இதையும் கடையிலேயே பார்த்து விடுங்கள்.

திரை அகலத்தையும் கவனிக்க வேண்டும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த "ராஜராஜ சோழன்". அதற்கு முந்தியவை கிட்டத்தட்டச் சதுரமானவை. அகலத் திரையில் இழுத்து நிரப்பினால் பத்மினியும் நம்பியாரும் ஒரே பருமனாகத் தெரிவார்கள். 4:3 என்று வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டு விடுவதுதான் முறை.

இரண்டாவது டிஸ்க்

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியதை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நண்பர் ரூமில் இடுப்பளவு தண்ணீர். அவருடைய கல்யாண வீடியோ காசெட் அதில் போனது. தகப்பனார் நடமாடிப் பேசிய படம் அது ஒன்றுதான். இப்போது மிஞ்சியிருப்பது, பேத்தி காதுகுத்தில் செல்போனில் பிடித்த 40 விநாடி. அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை! "டிக், டிக்" என்று அடித்தபோது நண்பர் முகம் வெளுத்தது ஏன் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 400 படங்களில் அம்மாள் அதிகம் போட்டுப் பார்ப்பதும் அந்த 40 விநாடியைத்தான்.

காசெட்டாக வைத்திருப்பவர்கள் உடனே மாற்றிக் கொள்ளுங்கள். வி.சி.ஆர். தயாரித்த கடைசிக் கம்பெனியும் 2016-ல் நிறுத்தி விட்டது.

படம் ஒன்றுக்கு ஒன்றரை ஜி.பி. என்று வைத்தாலும் 400 படத்துக்கு 600 ஜி.பி. ஒரு டி.பி. டிஸ்க் தாராளம். அப்படி இன்னொன்று வாங்கி, எல்லாவற்றையும் நகல் எடுத்தோம். அதை இங்கேயே வைத்தால் அடுத்த வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்து போகும். மே மாதம் ஊருக்குப் போகும் மைத்துனர் அதை நாகர்கோவில் எக்ஸ்பிரசில் கொண்டு போகிறார். ஊர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும் என்று ஏற்பாடு.

"பாச்சை உருண்டை போட்டு வைக்கச் சொல்லு" என்றார் அம்மாள். அது வேண்டாம், உங்கள் பட்டறையில் பைகளுக்குள் போடும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு போதும் என்று நண்பரிடம் சொன்னேன். மனிதர் பத்துப் பொட்டலம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்.