சிப்பாயின் தஸ்தாவேஜு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பட்டாளத்தை விட்டு விலகுவோர் ஒவ்வொருவருக்கும் சர்க்கார் ஒரு தாள் கொடுக்கிறது. 1950-ஆம் ஆண்டு முதல் அதற்கு டி.டி. 214 என்று பெயர். இன்னார் இன்ன தேதியில் சேர்ந்தார், இன்ன இடங்களில் ஊழியம் செய்தார், இன்ன விதமாக விலகினார், இன்னின்ன பதக்கங்களுக்கு உரியவர் என்பனவெல்லாம் அதில் கண்டிருக்கும். உபகாரச் சம்பளம், வைத்தியம், வீட்டுக் கடன், சவ அடக்கத்தின்போது செய்யும் ராணுவ மரியாதை ஆகியவற்றைக் கோருவோர் முதலில் எடுத்துக் காட்ட வேண்டுவது அந்தத் தாளையே. அதில் ஒரு வரி விடுபட்டால் விடுபட்டதுதான். குண்டடி பட்ட தழும்பு உடம்பில் இருக்கலாம். காகிதத்தில் இல்லையேல் ஆபீஸ் குமாஸ்தாவின் கண்ணுக்கு அது தெரியாது. கச்சேரி வாசலில் அர்ஜியுடன் நின்று பழகிய நமது நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஹென்றி ஜான்ஸன் என்ற நீக்ரோ சிப்பாயின் கதை இதற்குத் தக்க சான்று. நியூயார்க் மாகாணத்து ஆல்பனி நகர ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர் அவர். 1917-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். கறுப்பு மக்களைக் கொண்ட அவருடைய 369-ஆவது காலாட்படையை அமெரிக்கத் தளபதிகள் தம் படைகளோடு சேர்த்துப் போரிட விடவில்லை. பிரெஞ்சுச் சேனையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1918 மே மாதம் 15-ஆம் தேதி விடியுமுன், ஆர்கோன் காட்டருகே காவல் நின்ற அவரையும் நீதம் ராபர்ட்ஸ் என்ற தோழரையும் ஒரு டஜனுக்குக் குறையாத ஜெர்மானியர் வளைத்துக்கொண்டனர். ராபர்ட்ஸ் காயமுற்று விழுந்தார். ஜான்ஸனுடைய துப்பாக்கி அடைத்துக்கொண்டது. அதையே தடியாகப் பிடித்து அடித்தார். பிறகு கத்தியை உருவிக்கொண்டு கைகலந்தார். தோழரைச் சிறைபிடித்துச் செல்லவொட்டாமல் காத்தார். அவர் உடம்பில் பட்ட காயங்கள் 21. பிரெஞ்சுச் சர்க்கார் தமது யுத்தச் சிலுவையை அவருக்கு அளித்தது. அவருடைய சொந்த நாட்டுச் சர்க்காரோ, 1919-இல் அவருக்குக் கொடுத்த விலகல் பத்திரத்தில் காயங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

எழுதாமையின் பலன் யாதெனில், ஊனமுற்ற சிப்பாய்க்குரிய படி அவருக்குக் கிடைக்கவில்லை. ரயில்வே மூட்டை தூக்கும் வேலைக்கும் உடம்பு இடங்கொடுக்கவில்லை. 1929-இல் முப்பதுகளிலேயே இறந்தார். யுத்தத்தில் காயமுற்றோருக்குரிய ‘பர்ப்பிள் ஹார்ட்’ என்னும் பதக்கம் அதற்குப் பின் 1932-இல் ஏற்பட்டது. முந்திய யுத்தத்தில் அடிபட்டவர்களும் அதைக் கேட்டுப் பெறலாயினர். ஜான்ஸனுக்கு அது 1996-இல் வந்தது. 2002-இல் விசேஷ சேவைச் சிலுவை வந்தது. அந்நாட்டின் தலையாய விருதாகிய கௌரவப் பதக்கத்தைக் கேட்டபோது, போதிய ஆதாரமில்லை என்று யுத்த இலாகா கைவிரித்தது. பிற்பாடு ஸெனட்டர் ஷூமரின் அலுவலகத்தார் தேடியெடுத்த ஒரு கடிதம் வழக்கை மாற்றிற்று. சண்டை நடந்த சில நாட்களுக்குள்ளேயே பிரதம தளபதி பெர்ஷிங் ஜான்ஸனுடைய செயலை வர்ணித்து அனுப்பிய செய்தி அது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் அது சர்க்கார் காகிதங்களுக்குள்ளேயே கிடந்தது. அந்நாட்டுச் சட்டசபை காலவரம்பை விலக்கிச் சட்டம் இயற்றிய பின், 2015 ஜூன் 2-ஆம் தேதி ஜனாதிபதி ஒபாமா பதக்கத்தை வழங்கினார். பெற்றுக்கொள்ள உற்றார் ஒருவரும் அகப்படாமையால், நியூயார்க் தேசியக் காவற்படையின் ஸார்ஜெண்டு மேஜர் ஒருவர் அதை வாங்கி வைத்தார்.

நிற்க. இத்தகைய பிழைகளைத் திருத்துதற்கு முன்னாளில் ஒரே வழிதான் இருந்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சட்டசபையில் தனி மசோதா கொண்டுவர வேண்டும். செல்வாக்குள்ள பிரதிநிதியை அறியாதவனுக்கு அந்த வழியும் இல்லை. யுத்தம் முடிந்த மறு வருஷமாகிய 1946-இல் சட்டசபைச் சீரமைப்புச் சட்டத்தால் தனி மசோதாக்களைத் தடுத்துவிட்டு, ராணுவ ரிக்கார்டுகளைத் திருத்தும் அதிகாரத்தை இலாகாக்களுக்கே கொடுத்தார்கள். அந்த அதிகாரத்தைச் செலுத்துவது சிவிலியன்களைக் கொண்ட ஒரு குழு. சட்ட வாசகத்தில் இரண்டு சொற்கள் கவனிக்கத்தக்கவை: ‘பிழை அல்லது அநீதி’. பிழையைத் திருத்தலாம் என்று மட்டும் எழுதியிருந்தால், விதிப்படி நடந்ததாகக் காட்டி எந்த அக்கிரமத்தையும் காப்பாற்றிவிடலாம். அநீதி என்ற சொல்லைச் சேர்த்தவர்கள் சட்டமறிந்தவர்கள் மட்டுமல்லர், உலகமறிந்தவர்களும் ஆவர்.

ஆனால் சட்டம் திறந்துவிட்ட கதவை விதிகள் பாதி சாத்தியிருக்கின்றன. குழு தனது விசாரணையைத் தொடங்குவதே, சர்க்கார் ஊழியர் தம் கடமையை ஒழுங்காகச் செய்தனர் என்ற அனுமானத்தோடுதான். அதற்கு மாறாக நிரூபிக்கும் பாரம் மனுதாரன் தலையில். பிழையைக் கண்டறிந்த மூன்று வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். நியாயத்தின் பொருட்டுக் குழு அந்தக் கெடுவைத் தள்ளிவிடலாம் என்பது ஓர் ஆறுதல். அன்றியும், தான் புலனாய்வு செய்யும் சபையன்று, கையிலுள்ள ரிக்கார்டைக் கொண்டே தீர்ப்பளிக்கும் சபை என்று குழுவின் விதி சொல்லுகிறது. கோர்ட்டில் இரு கட்சிக்காரர்களுக்கு இடையே இவ்விதி பொருந்தும். ஒரு கட்சிக்காரனே ரிக்கார்டை எழுதியவனும், பூட்டி வைத்தவனும், தொலைத்தவனுமாக இருக்கும்போது இது எவ்வாறு பொருந்தும்?

தொலைத்தது என்று நாம் சொல்வது அலங்காரமன்று. 1973 ஜூலை 12-ஆம் தேதி செயிண்ட் லூயி நகரருகே ராணுவ ரிக்கார்டுகள் இருந்த கட்டிடத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. முற்றும் அணைய நான்கு நாட்களாயின. ரிக்கார்டு அறைகளில் தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் கிடையா. எரிந்தவை 160 லட்சம் முதல் 180 லட்சம் கட்டுகள் என்பது சர்க்காரின் கணக்கு. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கட்டுகளில் நூற்றுக்கு எண்பது அழிந்தன. இரண்டு உலக யுத்தங்களும் கொரியா யுத்தமும் அதற்குள் அடங்கும். நகல் இல்லை, படச்சுருள் இல்லை, எரிந்தவை எவை என்று சொல்ல அட்டவணைகூட இல்லை. நனைந்து தப்பிய காகிதங்களை ஒரு விமானக் கம்பெனியின் காற்றகற்றிய அறைகளில் வைத்து உலர்த்தினார்கள். இன்று மனுதாரருக்கு உதவுவன சம்பளப் பட்டிகள், ஆஸ்பத்திரிச் சேர்க்கைக் குறிப்புகள், படைப்பிரிவுகளின் காலை அறிக்கைகள் போன்ற சில்லறை ஆதாரங்களே. கிழவர் ஒருவர் தமது வீட்டுப் பெட்டியில் போட்டு வைத்த மங்கிய தாள், சர்க்காரின் ஆறு மாடிக் கட்டிடத்தைக் காட்டிலும் பத்திரமான காப்பகமாய் முடிந்ததுண்டு.

கேட்கப்படும் பதக்கங்கள் இரு வகை. முதல் வகை ஊழியத்தாலேயே சேருவது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது உலோகத்தை மிச்சம் பிடிக்கும் பொருட்டு, போர்முனைப் பதக்கங்களுக்குப் பதிலாக ரிப்பன் மட்டும் கொடுத்தார்கள். பதக்கங்களை வார்ப்பதற்குள் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் வீடு திரும்பிவிட்டனர். காலாட்படையின் போர்ச் சின்னம் பெற்றவர்களுக்கு வெண்கல நட்சத்திரம் உண்டு என்று 1947-இல் தீர்மானித்தார்கள்; விலகிப்போன குடியானவனுக்கு அதை யார் சொல்வார்கள்? யுத்தக் கைதிகளுக்கான பதக்கம் 1985-இல் ஏற்பட்டது. 1917 ஏப்ரல் முதல் சிறைப்பட்டவர்கள் அதற்கு உரியவர். இவற்றில் வாதத்துக்கு இடமில்லை. பெயரும் படையும் தேதியும் ஒத்தால் குமாஸ்தாவே வரியைச் சேர்த்துத் திருத்தத் தாள் அனுப்பலாம். உரியவன் கேட்கும் வரையில் காத்திருப்பதுதான் குறை.

இரண்டாவது வகை வீரத்துக்கான விருது. மேலதிகாரி சிபாரிசு செய்ய வேண்டும், சாட்சி வேண்டும், காலவரம்பு உண்டு. இங்கேதான் நிறமும் குலமும் புகுந்து விளையாடின. இரண்டாம் உலக யுத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பர்கள் ஊழியம் செய்தும், அந்த யுத்தத்துக்காக ஒருவருக்கேனும் அப்போது கௌரவப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆராய்ச்சி நடத்திய பிறகு 1997-இல் எழுவருக்குக் கொடுத்தார்கள். ஆறு பேர் இறந்திருந்தனர். வெர்னன் பேக்கர் ஒருவரே நேரில் வந்து பெற்றார். வியட்நாம் யுத்தத்தில் 1965 ஜூன் மாதம் போங் ஸான் அருகே ஏறக்குறைய 19 மணி நேரம் சண்டையிட்டு, தாம் காயமுற்றும் தோழர்களை இழுத்து வந்து காத்தவர் காப்டன் பாரிஸ் டேவிஸ். உடனே அவரைச் சிபாரிசு செய்தார்கள். காகிதம் காணாமற் போயிற்று. 1969-இல் விசாரித்து மறுபடி அனுப்பச் சொன்னார்கள். அதுவும் காணாமற் போயிற்று. ஒரு முறை தொலைந்தால் கவனக்குறைவு எனலாம். கறுப்பு அதிகாரி ஒருவருடைய காகிதம் இரு முறை தொலைந்ததற்கு நாம் வேறு பெயர் சொல்வோம். 2023 மார்ச் 3-ஆம் தேதி, தமது 83-ஆம் வயதில், அவர் பதக்கத்தைப் பெற்றார்.

கெடுபிடிக்கும் காரணமுண்டு என்பார் சொல்வதை நாம் தள்ளிவிடவில்லை. பட்டாளத்தையே பார்க்காதவர்கள் பதக்கம் அணிந்து திரிந்ததால், பொய் உரிமை கொண்டாடுவோரைத் தண்டிக்க 2006-இல் சட்டம் செய்தார்கள். அது பேச்சுரிமைக்கு விரோதமென்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தள்ளியது. லாபம் கருதிப் பொய் சொல்வோரைப் பிடிக்க மறு வருஷம் வேறு சட்டம் வந்தது. எனினும் கண்டிப்பும் தவறு செய்யும். 1917-இல் தகுதியற்றவர்கள் என்று 911 பேருடைய கௌரவப் பதக்கங்களை ஒரே வீச்சில் ரத்துச் செய்தபோது, உள்நாட்டு யுத்தத்தில் காயமுற்றோருக்கு வைத்தியம் செய்து எதிரியிடம் சிறையும் இருந்த டாக்டர் மேரி வாக்கர் என்ற மாதரசியின் பெயரையும் அடித்துவிட்டார்கள். அவர் பதக்கத்தைத் திருப்பித் தர மறுத்து, 1919-இல் இறக்கும் வரையில் மார்பில் அணிந்திருந்தார். நாம் மேலே கூறிய திருத்தக் குழுவின் வழியாகவே 1977-இல் அவருடைய பெயர் பட்டியலில் மீண்டும் ஏறிற்று.

ஆதலின் வேண்டுவது புதிய தயவு ஒன்றுமில்லை. நிரூபிக்கும் பாரத்தை மாற்றி வைப்பதே. சர்க்காரின் வசத்திலிருந்த ரிக்கார்டு அழிந்துபோன வழக்குகளில், மனுதாரன் சொல்வதை விசேஷ கவனத்துடன் ஆராய்ந்து காரணம் காட்டும் கடமை சர்க்காருக்கு அதிகமாகிறது என்று உபகாரச் சம்பள வழக்குகளைக் கேட்கும் கோர்ட்டு 1991-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சம்பளத்துக்கு ஒத்துக்கொண்ட நியாயத்தைப் பதக்கத்துக்கு மறுப்பானேன்? அதே வாசகத்தைத் திருத்தக் குழுவின் விதிகளிலும் எழுதிவிட்டால், செயிண்ட் லூயித் தீயின் நஷ்டம் அதை அணைக்கத் தவறியவர்களைச் சேரும். அது வரையில் டி.டி. 149 என்ற மனுப் பாரத்தை நிரப்பி அனுப்புவதே வழி. அதற்குக் கட்டணம் இல்லை. சிப்பாய் இறந்துவிட்டால் மனைவியோ வாரிசோ அனுப்பலாம். பழைய கடிதங்கள், படங்கள், உடனிருந்தோர் எழுதிக் கொடுத்த சாட்சியம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். அந்தக் கடைசி ஆதாரத்தைத்தான் முதலில் தேட வேண்டும். உடனிருந்தோர் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகின்றனர்.