முதல் இடது திருப்பம் வரை

காலை ஆறரை மணிக்கு கவரைப்பேட்டை ரயில் நிலையத்துப் பக்கம் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். சிலவற்றின் முன்சக்கரத்திலிருந்து ஹேண்டில் பார் வரை ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுருள் கம்பி தொங்கும். அது எதையும் பூட்டுவதில்லை, திருடனைத் தடுப்பதுமில்லை. கீழே டிஸ்க்கில் பூட்டு மாட்டியிருக்கிறது, கழற்றிவிட்டு ஏறு என்று வண்டிக்காரருக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. பூட்டுக்குத் துணையாக ஒரு ஞாபகக் கயிறும் விற்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

இதே தண்டவாளத்தில் சென்னைப் பக்கம் போனால் திருவொற்றியூர். 1955இல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டுகள் அங்கிருந்துதான் வெளிவந்தன. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இன்ஜினுக்கு ஒரு சாவி, ஹேண்டிலுக்கு ஒரு சாவி. ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்து, கழுத்துத் துளையில் சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு முளை நீண்டு பிடித்துக்கொள்ளும். இரண்டு பூட்டும் தனித்தனி என்பதால் ஹேண்டில் லாக்கோடே வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியும். செய்தவர்களும் உண்டு. கிளட்சை விட்டதும் வண்டி இடப்பக்கமாக வட்டம் போடப் பார்க்கும். அரை வட்டத்தில் படுத்துவிடும். ஆனால் மறதி பெரும்பாலும் அதுவரை போகாது. ஏறி உட்கார்ந்து ஹேண்டிலை நிமிர்த்தும்போதே கைக்குத் தெரிந்துவிடும்.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. பால் கேனும் மீன் கூடையும் சைக்கிளிலிருந்து மொபெட்டுக்கு மாறியபோது சைக்கிளின் சங்கிலியும் பூட்டும் கூடவே வந்தன. வசதி உள்ளவர் திண்டுக்கல் பூட்டாகவே வாங்கிப் போட்டார். (அந்தப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்குள் வண்டிக்காரர்கள் அதை மறந்தே போயிருந்தார்கள்.) பின்சக்கரத்தில் சுற்றிய சங்கிலியும் லேசில் மறக்கக்கூடியதல்ல. கனம், துரு, கையில் கறை. அதைப் போடுவதே ஒரு வேலை என்பதால், எடுப்பதும் நினைவில் இருந்தது.

1985க்குப் பிறகு ஜப்பான் கூட்டில் நூறு சிசி வண்டிகள் ஊரை நிறைத்தன. நாளடைவில் ஒரே சாவி இன்ஜினுக்கும் ஹேண்டிலுக்கும் பொதுவானது. லாக்கை எடுக்காமல் இன்ஜின் உயிர் பெறாது. மறதிக்கு இடமே இல்லை. சாவி தேயும் வரை எல்லாம் சரியாக இருந்தது. தேய்ந்த பிறகு ஓடுகிற வண்டியிலிருந்தே சாவியை உருவலாம், அடுத்தவர் சாவி நம் வண்டியில் திரும்பும். போதாததற்கு, சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலை ஓங்கி ஓர் உதைவிட்டால் உள்ளே இருக்கும் முளை முறிந்துவிடும் என்பதை சிசிடிவி காட்சிகள் எல்லாருக்கும் காட்டிக்கொடுத்தன. இரண்டாவது பூட்டுக்கான தேடல் அதில்தான் வலுத்தது.

அப்போது கண்ணில் பட்டது டிஸ்க். 2001இல் பல்சர் வந்த பிறகு முன்சக்கர டிஸ்க் பிரேக் பரவியது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமானதும் அது சாதாரணமாகிவிட்டது. தட்டில் வரிசையாக ஓட்டைகள். ஓர் ஓட்டையில் உள்ளங்கை அளவுப் பூட்டை மாட்டினால் முடிந்தது. சங்கிலியின் கனமில்லை, கறையில்லை. குறையும் அதுதான். கை போகும் இடத்தில் இருந்த பூட்டு, கண்ணே போகாத இடத்துக்கு இறங்கிவிட்டது. சாவி திரும்புகிறது, இன்ஜின் முழங்குகிறது, ஹேண்டில் ஆடுகிறது. எல்லாம் சரி என்று கியர் போட்டால் சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. பூட்டு போய் ஃபோர்க்கிலோ கேலிப்பரிலோ இடிக்கும், வண்டி சாயும். பிரேக் லீவர் வளையும், இண்டிகேட்டர் உடையும். டிஸ்க் கோணினால் அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் லீவர் விரலை உதைக்கும்.

சைடு ஸ்டாண்டை மறப்பது இப்படியல்ல. அதில் தவணை உண்டு. நேராகப் போகும்வரை ஒன்றுமில்லை. முதல் இடது திருப்பத்தில் சாயும்போதுதான் ஸ்டாண்டு தரையில் தட்டும். அந்தத் தவணைக்குள் ஊரே கூவும். "ண்ணா, ஸ்டாண்டு!" என்று எதிரே வருகிறவர் விரலை மடக்கிக் காட்டுவார். ஆந்திர எல்லைப் பக்கம் என்பதால் "அன்னா, ஸ்டாண்டு!" என்று தெலுங்கிலும் கேட்கும். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் "பையா, ஸ்டாண்ட்!" என்கிறார்கள். உறவுமுறை மாறினாலும் ஸ்டாண்டு மாறவில்லை. என் கணக்கில் இந்தப் பகுதியின் பொதுமொழி இந்த ஒரு சொல்தான். 2020இல் பிஎஸ்6 புகை விதிகள் வந்ததை ஒட்டி வந்த பல மாடல்களில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் கியர் போட்டதும் இன்ஜின் நின்றுவிடுகிறது. கூவுகிறவருக்கு வேலை குறைந்தது. டிஸ்க் லாக்குக்கோ யாரும் கூவ நேரமே இல்லை. இரண்டடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மறதிக்கு வைத்தியம் ஆளுக்கொன்று. ஒருவர் ஆக்ஸிலேட்டர் பிடியில் கைக்குட்டை கட்டுகிறார். ஒருவர் அலாரம் வைத்த பூட்டு வாங்குகிறார். பக்கத்து வண்டியை நகர்த்தினாலே அது அலறி டீக்கடையைத் திரும்பவைக்கும். 2023 முதல் ஆக்டிவாவில் ஸ்மார்ட் சாவி வந்துவிட்டது, சட்டைப்பையில் இருந்தாலே போதும். அதை வாங்கியவரும் சந்தேகத்துக்கு ஒரு டிஸ்க் லாக் போடுகிறார்.

எனக்கு ஆரஞ்சுக் கம்பி இருந்தது. அசிங்கமாக இருக்கிறது என்று ஒருநாள் கழற்றிவைத்தேன். அடுத்த வாரமே கடைசி ரயிலில் வந்திறங்கி, தூக்கக் கலக்கத்தில் ஸ்டார்ட் செய்து, ரயில் நிலைய வண்டி ஸ்டாண்டில் பத்துப் பேர் பார்க்கப் படுத்தேன். ஷிஃப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் ஓடிவந்து வண்டியைத் தூக்கினான். குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "பையா, லாக்" என்றான் மெதுவாக. அங்கே டோக்கன் தருகிற பெரியவருக்கு வண்டிகளை நெருக்கி அடுக்க வேண்டும். எந்த லாக் போட்டாலும் பிடிக்காது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "அதான் சார், லாக்கே போடாதீங்கன்னு தினமும் சொல்றேன்."