பட்டமும் பணித்திறனும்

ஒரு பணிக்கு உரியவர் யாவர் என்பதை எவ்வாறு துணிவது? இவ்வினா அரசு தோன்றிய காலந்தொட்டே உள்ளது. வள்ளுவர் இதற்கெனத் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். செய்வோனையும் செய்யப்படும் வினையையும் ஒருங்கு வைத்து ஆராய்க என்பது அவர் கொள்கை. இக்காலத்திலோ, பட்டம் உண்டா, எத்தனை பாடங்களிற் சித்தி என்னும் வினாக்களே முன்னிற்கின்றன.

ஏட்டுக் கல்வியை இகழ்தல் எம் கருத்தன்று. பொதுப் பரீட்சை வந்தமையாலேயே செல்வாக்கில்லாத வீட்டுப் பிள்ளையும் அரச பணியிற் புக முடிந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் அவ்வழி மேலும் அகன்றது. சுருவில் முதலாய தீவகத்து ஊர்கள் அதன் பயனை நன்கறியும்.

ஆயினும் ஏட்டில் அடங்காத அறிவும் உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் கடல்கள் பல கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனைக் கட்டியது தலைமுறை தலைமுறையாகக் கைவழி வந்த அறிவு. இன்றும் குறிகட்டுவானில் நெடுந்தீவுக்குப் படகேறுவோர், படகோட்டி கடலறிவாரா என்று நோக்குவரேயன்றிப் பட்டதாரியா என்று வினவுவதில்லை.

இத்தகையோர் திறனை அளக்க நம் நாட்டில் அளவுகோல் இல்லாமலில்லை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. பின்னர்த் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டது. முதல் நான்கும் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகர். பயிற்சி நிலையஞ் செல்லாது வேலைத்தலத்திலேயே கற்றவரும், மதிப்பீட்டாளர் முன் தம் தொழிலைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். தச்சருக்கும் மேசனுக்கும் மின்னிணைப்பாளருக்கும் இது பெரும் பேறு.

அரச சேவையிலும் திறனுள்ளோர்க்கெனத் தனித் தரம் உண்டு. ஆயின் அத்தரத்துப் பதவிகள் பலவற்றுக்குத் தொழிற்றகைமையோடு க.பொ.த. சாதாரண தரச் சித்திகளும் வேண்டப்படுகின்றன, வயதெல்லையும் உண்டு. இளமையில் வறுமையாலோ இடப்பெயர்வாலோ பள்ளியை விட்டு, முப்பது ஆண்டு தொழில் செய்து தேர்ந்தவர் இங்கே தடுக்கப்படுகிறார். அவர் இழப்பது ஒரு வேலை. நாடு இழப்பது ஒரு தேர்ந்த கை.

தகைமையைத் தளர்த்தினாற் சிபாரிசுக் கடிதம் புகுந்துவிடும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் நியாயமானதே. 2020இல் வறிய குடும்பத்தார் ஓரிலட்சம் பேருக்கு அரச வேலை வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் அளவுகோலாக நின்றவை வறுமையும் குறைந்த கல்வியுமே. கற்ற தொழில் அன்று. வறியோர்க்கு உதவுதல் அறம். எனினும் அது திறனுக்கு வாயில் திறத்தல் ஆகாது. பட்டத்தை நீக்கிய இடத்திற் செய்முறைத் தேர்வை நிறுத்தல் வேண்டும். வெற்றிடமாக விட்டால் அங்கே செல்வாக்கு வந்தமரும்.

பிறநாட்டாரும் இவ்வழியை நாடுகின்றனர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2022இல் ஆயிரக்கணக்கான பதவிகளுக்கு நான்காண்டுப் பட்டம் வேண்டும் என்ற விதியை நீக்கியது. 2023இல் பென்சில்வேனியா மாநிலம் நூற்றுக்கு 92 வீதமான பதவிகளை, ஏறத்தாழ 65,000ஐ, பட்டமில்லாதார்க்கும் உரியனவாக்கியது. அனுபவமும் திறனும் ஆங்கு உரிய மதிப்புப் பெறுகின்றன.

நமக்கும் இது முற்றும் புதிதன்று. ஆசிரியர் கலாசாலையில் இரண்டாண்டு கற்றுத் தேறிய பயிற்றப்பட்ட ஆசிரியரே நெடுங்காலம் நம் வகுப்பறைகள் பலவற்றைத் தாங்கினர். யானும் அவ்வழி வந்தவனே. கற்பித்தற் பயிற்சியின்போது வகுப்பின் பின்னிருந்து எம்மை மதிப்பிட்டவர் நோக்கியது, கரும்பலகை முன் நாம் நின்று கற்பித்த முறையையே. வினையையே தேர்வாக்கும் இம்முறை ஆசிரியனுக்குப் பொருந்துமாயின் தச்சனுக்கும் படகோட்டிக்கும் பொருந்தாதோ?

வேண்டுவன மூன்று. கைத்தொழிற் பதவிகளுக்கு உரிய மட்டத்துத் தொழிற்றகைமையே போதிய தகைமையாதல் வேண்டும். செய்முறைத் தேர்வு பலரறிய, மதிப்பீட்டாளர் ஒருவருக்கு மேற்பட்டோர் முன்னிலையில் நடைபெறல் வேண்டும். புகுந்தவர் அடிப்படியிலேயே தேங்காது, மேன்மேலும் கற்று உயரப் படி அமைதல் வேண்டும்.

நம் பழைய மாணவருள் ஆட்சேர்ப்புத் திட்டங்களை வரையும் நிலையில் உள்ளோர் இவற்றைச் சிந்திப்பாராக. இன்று பயிலும் மாணவரோ, பல்கலைக்கழகம் கிட்டாதாயின் வாழ்வு முடிந்தது என எண்ணற்க. ஒரு தொழிலை முற்றக் கற்றவன் கல்லாதவன் அல்லன்.